வீடு மாறும்போது பூனைக்கும் நாய்க்கும் முதலில் ஒரே ஒரு அறை

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் யாரும் ஒரே வீட்டில் நிலைத்திருப்பதில்லை. முதலில் ஒரு தற்காலிக வீடு, அப்புறம் ஒப்பந்தம் போட்டு ஒரு வாடகை வீடு, வேலையோ பிள்ளைகளின் பள்ளியோ முடிவானதும் இன்னொன்று. நாங்கள் ஒரு பூனை, ஒரு நாயோடு இப்படி மூன்று வீடு மாறியிருக்கிறோம். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புது வீட்டை முழுசாகத் திறந்துவிடாதீர்கள். முதலில் ஒரே ஒரு அறையைக் கொடுங்கள்.

முதல் தடவை எனக்கு இது தெரியாது. சாமான் இறக்கியவர்கள் போனதும், பாவம் எவ்வளவு நேரம்தான் அடைந்து கிடக்கும் என்று பூனையை அடைத்துக் கொண்டுவந்த கேரியர் கூண்டைக் கூடத்தில் வைத்துத் திறந்துவிட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் பூனையைக் காணவில்லை. சமையலறை அலமாரிக்கு அடியில், தரையை ஒட்டி அடித்திருந்த பலகை ஓரிடத்தில் கையகலம் விலகியிருந்தது. அதற்குள் போய்விட்டது. டார்ச் அடித்தால் இரண்டு கண்கள் மட்டும் மின்னுகின்றன. கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ளே நகர்ந்தது. கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு, அது வழக்கமாகப் படுக்கும் போர்வையை அங்கேயே தரையில் விரித்து நானும் படுத்துக்கொண்டேன். விடியப்போகும் நேரத்தில் என் பாதத்தில் ஈரமான மூக்கு பட்டது.

பூனை தன் இடத்தை வாசனையால்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறது. அதன் கன்னத்திலும் பாதத்திலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. நாற்காலிக் காலில் கன்னத்தைத் தேய்ப்பதே அதற்காகத்தான். புது வீட்டில் அந்த வாசனை எங்குமே இல்லை. அதனால் மாறுவதற்கு முந்தைய வாரம் அதன் படுக்கைத் துணியைத் துவைக்காதீர்கள். ஒரு மெல்லிய துணியால் அதன் கன்னத்தைத் துடைத்து, புது அறையின் மூலைகளில் அதன் முக உயரத்துக்குத் தடவுங்கள். ஒரு மூலையில் லிட்டர் பாக்ஸ் (பூனை மலஜலம் கழிக்கும் மணல் பெட்டி), எதிர் மூலையில் தண்ணீரும் உணவும், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, நீங்கள் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்று. லிட்டர் மணலையும் உணவையும் அந்த வாரம் மாற்றவே கூடாது. சாமான் ஏற்றும் நாளிலும் இறக்கும் நாளிலும் அந்த அறைக் கதவில் 'திறக்க வேண்டாம், உள்ளே பூனை' என்று அந்த ஊர் மொழியில் எழுதி ஒட்டுங்கள். வாலைத் தூக்கிக்கொண்டு நடந்து, வயிறாரச் சாப்பிட்டு, உங்களிடம் வந்து உரசத் தொடங்கியதும் கதவைத் திறக்கலாம். சில பூனைகளுக்கு இரண்டு நாள் போதும், சிலவற்றுக்கு இரண்டு வாரம் ஆகும்.

பயத்தில் ஒரு வேளை சாப்பிடாமல் இருப்பது சகஜம். முழுசாக ஒரு நாள் எதையுமே தொடவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பூனை பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். குண்டான பூனைக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

நாய்க்கு இடத்தைவிட நாமும் நம் நேரமும்தான் பெரிது. உணவும் நடையும் பழைய நேரத்திலேயே இருக்கட்டும், பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தால் கிடக்கட்டும். குடிபோன மறுநாளே தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். சில நாள் விடுப்பு எடுத்து, ஐந்து நிமிடம் வெளியே போய்த் திரும்புவது, அப்புறம் பத்து, அப்புறம் அரை மணி என்று பழக்குங்கள். அடுக்குமாடியில் ஒரு நாள் முழுக்கக் குரைத்தால் பக்கத்து வீட்டோடு உறவு தொடக்கத்திலேயே கெட்டுப்போகும். இன்னொன்று, நம் நாய்க்குத் தெரிந்ததெல்லாம் 'வா', 'உட்காரு', 'வேண்டாம்'தான். கூட்டிப்போய் நடத்துபவரிடமோ மருத்துவரிடமோ விடும்போது இந்தச் சொற்களை அவர்கள் எழுத்தில் உச்சரிப்போடு எழுதிக் கொடுங்கள். எங்கள் நாய் அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர் வாயால் 'உட்காரு' என்று கேட்டதும் டக்கென்று உட்கார்ந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாவி கையில் வந்ததும், பிராணியைக் கொண்டுபோவதற்கு முன் வீட்டை ஒரு முறை குனிந்து தவழ்ந்து பாருங்கள். அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் பின்னால் முன்பு இருந்தவர்கள் வைத்த எலி மருந்து கிடக்கலாம். மேல்பக்கம் மட்டும் உள்ளே சாய்ந்து திறக்கும் ஜன்னல் பல நாடுகளில் உண்டு, நம்மில் பலருக்கு அது புதிது. பூனை அந்த இடைவெளியில் வெளியேறப் பார்த்து, கீழே குறுகும் பகுதியில் இறங்கி மாட்டிக்கொள்ளும். உடம்பு நசுங்கி இறந்துபோவதும் உண்டு. பூனை இருக்கும் அறையில் அதைச் சாய்த்து வைக்காதீர்கள், அல்லது அதற்கென்று விற்கும் தடுப்பைப் போடுங்கள். துணி உலர்த்தும் இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பாருங்கள், கதகதப்புக்கு ஏறிப் படுத்திருக்கும். வீடு குடிபுகுந்ததற்கு யாராவது லில்லிப் பூங்கொத்து கொடுத்தால் பூனை உள்ள வீட்டில் வைக்கவே வேண்டாம். அதன் மகரந்தம் உடம்பில் பட்டு நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கக்கூடும்.

வாடகை ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை. உரிமையாளர் வாயால் 'பரவாயில்லை' என்றது போதாது. என்ன பிராணி, எத்தனை என்று எழுத்தில் வாங்குங்கள். மறைத்து வளர்க்கவே வேண்டாம்.

பூனையையோ நாயையோ இன்னும் வெளிநாட்டுக்குக் கூட்டிவராதவர்களுக்கு: முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் செலுத்தும் சிறு அடையாளச் சில்லு), அதன் பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. வரிசை மாறினால் பல நாடுகளில் ஊசி கணக்கில் வராது. ரேபிஸ் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து அங்கே வருவதானால், ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். டிக்கெட்டை அதற்கப்புறம் போடுங்கள். விமானத்துக்காக மயக்க மருந்து கொடுக்காதீர்கள்.

அந்த மைக்ரோசிப்பில் உங்கள் முகவரி எதுவும் இல்லை. இருப்பது ஓர் எண் மட்டும், பெரும்பாலும் 15 இலக்கம். முன்பு இருந்த நாட்டில் பதிந்திருந்தாலும், இங்கே உள்ள பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்காது. வந்ததும் அதில் பதியுங்கள், வீடு மாறும் ஒவ்வொரு முறையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மாற்றுங்கள். இதை முடிக்காமல் பூனையை வெளியே விடவே கூடாது.

வெளியே விடுவதென்றால் குறைந்தது இரண்டு, மூன்று வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், பசியோடு இருக்கும்போது விடுங்கள். கதவைத் திறந்தே வைத்து நீங்களும் வாசலில் நில்லுங்கள். பத்து நிமிடம் கழித்து உணவு டப்பாவை ஆட்டிக் கூப்பிடுங்கள்.