பி.ஜே.டி. என்று போட்டுவிட்டால் போதுமா? (மறுபடியும் அந்த 66 விநாடி)

துருவன்:
கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி தந்த நேரங்களைப் பற்றியது இது. பி.ஜே.டி. என்றால் சூரியக் குடும்பத்தின் நிறை மையத்தில் நின்று பார்த்ததுபோலத் திருத்தி, ஜூலியன் நாளில் (நாள்களை ஒரே தொடராக எண்ணும் முறை) எழுதிய நேரம். பக்கத்து இழையில் ஒளியாண்டு எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன்: "கெப்ளர் நேரமெல்லாம் பி.ஜே.டி. சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்கு மாற்றியாகிவிட்டது. அதன்மேல் 66 விநாடி கூட்டுகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை." எனக்கு வேறு வேலை இல்லைதான், அதனால் பதில் எழுதுகிறேன். கெப்ளரின் பழைய வெளியீடுகளில் டி.டி.பி. (லீப் செகண்ட் இல்லாமல் சீராக ஓடும் வானியல் நேரம்) என்று சொல்லிக் கொடுத்த எண்கள் உண்மையில் யூ.டி.சி. (நம் அன்றாடக் கடிகாரங்களுக்கு அடிப்படையான நேரம்). வித்தியாசம் 66.184 விநாடி. லீப் செகண்ட் 34 (பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யூ.டி.சி.யில் அவ்வப்போது நுழைக்கும் விநாடிகள்), அதோடு அணு நேரத்துக்கும் டி.டி.பி.க்கும் உள்ள 32.184. கூட்டிப் பாருங்கள்.

ஒளியாண்டு:
வந்துவிட்டார் 66.184. நிறை மையத் திருத்தமே கெப்ளர் பார்த்த வானப்பகுதிக்கு 200 விநாடி வரை போகும். அதைச் செய்தவர்களுக்கு இந்த ஒரு நிமிடம் தெரியாமலா போயிருக்கும்? அப்புறம், கோளின் சுற்றுக்காலம் என்பது இரண்டு நேரங்களின் கழித்தல். எல்லாவற்றிலும் ஒரே பிழை இருந்தால் அடிபட்டுப் போகும். பள்ளிக்கூடக் கணக்கு.

துருவன்:
எங்கே நின்று பார்ப்பது என்பது வேறு, எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது என்பது வேறு. 200 விநாடி முதலாவது. 66.184 இரண்டாவது. ஒரே பிழை என்கிறீர்களே, 2012 ஜூன் 30 கடைசியில் ஒரு லீப் செகண்ட் நுழைந்ததே, மறந்துவிட்டதா? அதற்கு அப்புறம் 67.184. உங்கள் கழித்தலில் ஒரு விநாடி எங்கிருந்து முளைத்தது என்று தேடிக்கொண்டிருங்கள். வேறு தொலைநோக்கியின் ட்ரான்சிட் நேரத்தோடு (கோள் தன் விண்மீனின் முன்னால் கடக்கும் நேரம்) சேர்த்தால் முழுதாக ஒரு நிமிடம் தள்ளி நிற்கும். உடனே "இன்னொரு கோள் இழுக்கிறது" என்று கட்டுரை எழுதலாம்.

அரைவட்டம்:
நாங்கள் மாறொளி விண்மீன்களுக்குக் காலமெல்லாம் ஹெச்.ஜே.டி.தான் (சூரிய மையத்துக்கு மாற்றிய நேரம்) போட்டோம். சூரிய மையத்துக்கும் நிறை மையத்துக்கும் அதிகம் போனால் 4 விநாடிதான் வித்தியாசம். வானம் இடிந்து விழவில்லை.

மினுக்கட்டான்:
துருவன், ஒரு சின்னத் திருத்தம். லீப் செகண்ட் 34 இல்லை. 1972இல் தொடங்கும்போதே அணு நேரத்துக்கும் யூ.டி.சி.க்கும் 10 விநாடி இடைவெளி இருந்தது. 2009 தொடக்கம் வரை சேர்த்தது 24 மட்டும்.

துருவன்:
24உம் 10உம் எத்தனை? 34. நான் சொன்னதும் 34. அடுத்தது.

மினுக்கட்டான்:
நீங்கள் சொன்னது "லீப் செகண்ட் 34".

துருவன்:
66.184 சரியா, தப்பா? அதைச் சொல்லுங்கள்.

நாள்காட்டி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இருவரும் எந்த வெளியீட்டுக் கோப்பை வைத்திருக்கிறீர்கள்? பிந்தைய வெளியீடுகளில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். அதில் போய் மறுபடி 66 கூட்டினால் பிழை எதிர்ப்பக்கம் போய்விடும்.

ஒளியாண்டு:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! கூட்டத் தேவையில்லை.

துருவன்:
நீங்கள் அதைச் சொல்லவில்லை. பி.ஜே.டி. என்றாலே போதும் என்றீர்கள். பி.ஜே.டி.யை யூ.டி.சி.யிலும் எழுதலாம், டி.டி.பி.யிலும் எழுதலாம். 2010இலேயே ஈஸ்ட்மேனும் அவர் சகாக்களும் கட்டுரை எழுதி, எந்தக் கடிகாரம் என்று பக்கத்திலேயே குறியுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார்கள். போன தடவை ஜூலியன் நாளை 32 பிட் ஃப்ளோட்டில் (சுமார் ஏழு இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும் கணினி எண் வடிவம்) சேமித்தவரிடம் இதையெல்லாம் சொல்லி என்ன பயன்?

ஒளியாண்டு:
அதை இழுக்காதீர்கள்.

துருவன்:
ஏன்? எல்லாரும் ரசிக்கட்டும். 2455000.25, 2455000.25, 2455000.25, அப்புறம் திடீரென்று 2455000.50. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் நேரம் நகர்ந்தது. விண்மீன் மூச்சுவிடுகிறது என்று படம் போட்டீர்கள். இதற்காகத்தான் கெப்ளரில் 2454833ஐயும் டெஸ் விண்வெளித் தொலைநோக்கியில் 2457000ஐயும் கழித்துவிட்டுத் தருகிறார்கள்.

ஒளியாண்டு:
டெஸ்ஸும் ஆரம்ப டேட்டாவில் 2 விநாடி தள்ளித்தான் கொடுத்தது. அதற்கு ஏன் இழை திறக்கவில்லை? கெப்ளர் என்றால் மட்டும் துள்ளுகிறீர்கள்.

துருவன்:
2 விநாடி 66.184 விநாடி ஆகாது.

அரைவட்டம்:
அதென்ன லீப் செகண்ட், லீப் செகண்ட் என்று? மிகைவிநாடி என்று எழுதினால் குறைந்தா போய்விடும்?

மினுக்கட்டான்:
மிகைநாள் என்று லீப் நாளைச் சொல்லலாம். விநாடிக்கு நெட்டுவிநாடிதான் பொருத்தம். எப்படியும் 2035க்குள் அதையே நிறுத்திவிடப் போகிறார்கள். பெயர் வைத்து என்ன?

அரைவட்டம்:
நெட்டுவிநாடியா? விநாடி நீளவில்லையே ஐயா, ஒன்று கூடுகிறது. மிகைதான் சரி.

நாள்காட்டி:
கோப்பு எந்த வெளியீடு என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

துருவன்:
வெளியீடு எதுவாகவும் இருக்கட்டும். 66.184. ஜூன் 2012க்கு அப்புறம் 67.184. ஒளியாண்டு இன்னும் பதில் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

ஒளியாண்டு:
பதிந்த நேரம் யூ.டி.சி.யா, டி.டி.பி.யா?