28 வருஷ மழைக் கணக்கில் விடுபட்ட தேதிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

வயல்வரப்பு:
வணக்கம். அப்பா எங்கள் வயலில் மழைமானி வைத்து, 1996 ஜனவரி 1 முதல் 2023 டிசம்பர் 31 வரை தினமும் காலை எட்டரைக்கு அளந்து நோட்டில் எழுதி வந்தார். மழை இல்லாத நாளுக்கும் 0 போட்டுவிடுவார். அந்த ஒன்பது நோட்டையும் நானும் தங்கையும் ஆறு மாதம் உட்கார்ந்து தட்டச்சு செய்து மைஎஸ்க்யூஎல் 8 தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டோம். டேபிளில் தேதி, மில்லிமீட்டர் என்று இரண்டே நெடுவரிசைதான். கணக்குப்படி 10,227 நாள் வர வேண்டும், இருப்பது 10,171 வரிசை. ஆக 56 நாள் எங்கேயோ விடுபட்டிருக்கிறது. இருக்கிற தேதியைத் தேடத் தெரியும், இல்லாத தேதியை என்ன சொல்லித் தேடுவது? எக்செல்லில் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன், 2001 தாண்டவில்லை, கண் எரிச்சல்தான் மிச்சம்.

தரவுக்காரன்:
முதலில் அந்த 56-ஐ நம்பாதீர்கள். கவுன்ட் டிஸ்டிங்க்ட் (திரும்ப வருவதை ஒரு தடவை மட்டுமே எண்ணுவது) போட்டுத் தேதிகளை எண்ணுங்கள். 15-ஆம் தேதியை 16 என்று அடித்திருந்தால் 15 காணாமல் போயிருக்கும், 16 இரண்டு தடவை இருக்கும், மொத்த எண்ணிக்கை மட்டும் சரியாகவே தெரியும்.

அப்புறம் விஷயம் எளிது. இல்லாததைத் தேட முடியாது என்பதால், இருக்க வேண்டிய எல்லாத் தேதியும் உள்ள நாட்காட்டி டேபிள் ஒன்றை உண்டாக்குங்கள். 1996 ஜனவரி 1-இல் ஆரம்பித்து ஒவ்வொரு நாளாகக் கூட்டிக்கொண்டே போகும் வித் ரிகர்சிவ் (தன் விடையை வைத்தே சுற்றிச் சுற்றி ஓடும் வினவல்) ஒன்று எழுதினால் போதும். ஆனால் மைஎஸ்க்யூஎல் இயல்பாக ஆயிரம் சுற்றுக்கு மேல் விடாது, 1001-இல் பிழை சொல்லி நின்றுவிடும், உங்களுக்கோ பத்தாயிரத்துக்கு மேல் வேண்டும். அதனால் சிடிஇ மேக்ஸ் ரிகர்ஷன் டெப்த் என்கிற செட்டிங்கை அந்த செஷனுக்கு மட்டும் 11000 என்று வைத்துக்கொள்ளுங்கள். (போஸ்ட்கிரஸ் என்கிற இன்னொரு தரவுத்தளம் என்றால் ஜெனரேட் சீரிஸ் ஒரே வரியில் முடித்துவிடும்.) நாட்காட்டியை இடப்பக்கம் வைத்து மழை டேபிளை லெஃப்ட் ஜாயின் செய்து (இடப்பக்கத்து வரிசை எல்லாமே தங்கும் இணைப்பு), மழைப் பக்கத்துத் தேதி நல் (NULL, மதிப்பே இல்லாத வெற்றிடம்) ஆக வருகிற வரிசைகளை மட்டும் எடுங்கள். அவைதான் விடுபட்ட நாட்கள்.

பின்னால் இரண்டாவது மழைமானி சேர்த்தால், எந்த மழைமானி என்கிற நிபந்தனையை ஜாயினின் ஆன் (ON) பகுதியில், அதாவது டேபிள்களை இணைக்கும் இடத்தில், எழுதுங்கள். இணைத்த பிறகு வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் எழுதினால் நல் வரிசைகள் எல்லாம் கழிந்துபோய், எதுவுமே விடுபடவில்லை என்று காட்டும். நான் இரண்டு நாள் இதில் மாட்டியிருக்கிறேன்.

நெல்லை டிபிஏ:
மேலே சொன்னது சரி, ஆனால் அது தேதிகளை ஒவ்வொன்றாகக் கொட்டும். நோட்டைப் புரட்டிச் சரிபார்க்க "இதிலிருந்து இதுவரை இல்லை" என்று வந்தால்தான் வசதி. லேக் ஃபங்ஷனால் ஒவ்வொரு வரிசைக்கும் முந்தைய தேதியை எடுத்து, டேட்டிஃப் போட்டு வித்தியாசம் பாருங்கள். 1-க்கு மேல் வந்தால் நடுவில் ஓட்டை, 0 வந்தால் ஒரே தேதி இரண்டு தடவை. நாட்காட்டி டேபிளே தேவையில்லை. ஒரே குறை, முதல் நாளோ கடைசி நாளோ இல்லாமல் போயிருந்தால் இது கண்டுபிடிக்காது.

மானாவாரி:
கண்டுபிடித்த கையோடு தயவுசெய்து 0 போட்டு நிரப்பிவிடாதீர்கள். 0 என்றால் அளந்து பார்த்து மழை இல்லை என்று அர்த்தம், அளக்காத நாள் வேறு. அளக்காத நாளில் பெய்தது மழைமானியிலேயே தங்கி அடுத்த நாள் அளவோடு சேர்ந்துவிடும், அந்த அளவுக்கும் ஒரு குறிப்பு வேண்டும். இன்னொன்று, வானிலைத் துறையில் காலை 8.30 வரையிலான 24 மணி நேர மழையைத்தான் அந்தத் தேதியில் எழுதுவார்கள். 2015-இல் தாம்பரத்தில் கொட்டிய 49 சென்டிமீட்டர் டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலை வரை பெய்தது, பதிவில் அது டிசம்பர் 2. அப்பாவும் அப்படித்தான் எழுதினாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வயல்வரப்பு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தனித்த தேதிகள் 10,168 தான், அதாவது விடுபட்டது 56 இல்லை, 59. லேக் போட்டதும் 2007 ஜூன் 2-க்கு அடுத்த வரிசையே ஜூலை 5 என்று வந்தது. நோட்டை எடுத்துப் பார்த்தால் இரண்டு தாள் ஈரத்தில் ஒட்டிக்கிடக்கின்றன, நாங்கள் ஒன்றாகவே புரட்டியிருக்கிறோம். ஆவியில் காட்டி மெதுவாகப் பிரித்தோம், 32 நாளும் உள்ளே அப்படியே இருந்தது, பேனா மை கொஞ்சம் பரவியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு தடவை வந்த மூன்று தேதிகளும் நாங்கள் தவறாக அடித்தவை, திருத்திவிட்டேன்.

மீதி 24 நாள் நோட்டிலேயே இல்லை. அதில் 11 நாள் ஒரே தொடர்ச்சி. அதற்கு அடுத்த நாள் அப்பா ஓரத்தில் "ஊரில் இல்லை, சேர்த்து 84" என்று எழுதியிருக்கிறார். அந்த 24-ஐயும் நல் என்றே விட்டு, 84-க்குப் பக்கத்தில் அவர் எழுதிய அதே வார்த்தையைக் குறிப்பாகச் சேர்த்தேன். எட்டரை மணிக் கணக்கையும் கேட்டேன், காலையில் அளந்ததை அன்றைய தேதியில்தான் எழுதினாராம். தேதியைப் பிரைமரி கீ ஆக்கியாயிற்று, இனி ஒரே தேதி இரண்டு தடவை ஏறாது.