ஹாஷிமோட்டோ தைராய்டு: சப்பாத்தி, முட்டைக்கோஸ் எல்லாம் விடணுமா?

செங்காங்வாசி:
போன மாதம் ஹாஷிமோட்டோ என்று சொல்லிவிட்டார்கள். ரத்தத்தில் ஆன்டி-டிபிஓ (தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்), டிஎஸ்எச் (தைராய்டு குறைவாகச் சுரந்தால் ஏறும் ஹார்மோன்) இரண்டும் அதிகம், காலையில் லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை 50 மைக்ரோகிராம். குழப்பமெல்லாம் சாப்பாட்டில்தான். மாமியார் முட்டைக்கோஸை வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன் என்கிறார், ஆபீஸ் தோழி கோதுமையை அடியோடு நிறுத்தச் சொல்கிறாள், இன்னொருத்தி கெல்ப் (கடற்பாசி) மாத்திரை டப்பாவையே வாங்கித் தந்துவிட்டாள். சப்பாத்தி இல்லாமல் எனக்கு ராத்திரிச் சாப்பாடே இல்லை. என்ன செய்ய?

தேக்கா ராணி:
கெல்ப்பை முதலில் திருப்பிக் கொடுங்கள். ஹாஷிமோட்டோவில் நம் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிறது, அயோடின் அளவுக்கு மீறினால் இன்னும் மோசமாகலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், கெல்ப் மாத்திரையில் அதைவிடப் பல மடங்கு இருக்கக்கூடும். யோங் தாவ் ஃபூ (டோஃபு, காய்கறி போட்ட சீன உணவு) சாப்பிடும்போது எப்போதாவது வரும் கடற்பாசிக்குப் பயப்பட வேண்டாம். முட்டைக்கோஸ் பொரியலும் சாப்பிடலாம், பச்சையாகத் தினமும் ஜூஸ் போட்டுக் குடிப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும். மாமியாரிடம் டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள், நாம் சொன்னால் எடுபடாது.

கோப்பி ஓ கோசோங்:
எல்லோரும் எதைச் சாப்பிடுவது என்றே பேசுகிறீர்கள், எப்போது என்பதுதான் பெரிய விஷயம். லெவோதைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை எதுவும் சாப்பிடக் கூடாது, கோப்பியும்தான். என் அண்ணி மாத்திரையை விழுங்கிய கையோடு கீழே கோப்பிக்கடைக்குப் போய்விடுவார், டிஎஸ்எச் இறங்கவே இல்லை, டோஸை ஏற்றிக்கொண்டே போனார்கள். நேரத்தை மாற்றிய பிறகுதான் சரியாச்சு. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். சோயா பாலும் மருந்து சேர்வதைக் குறைக்கும், அதைக் காலையில் வேண்டாம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) எடுத்தால் ரத்தப் பரிசோதனைக்கு 2 நாளாவது முன்பே நிறுத்துங்கள், இல்லையென்றால் டிஎஸ்எச் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம்.

புங்கோல் தம்பி:
அக்கா, சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்) இல்லாதவர்கள் கோதுமையை விட்டால் தைராய்டு சரியாகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஹாஷிமோட்டோ உள்ளவர்களிடம் சீலியாக் கொஞ்சம் அதிகம் என்பது உண்மைதான், அதனால் வயிற்று உப்புசம், பேதி என்று தொல்லை இருந்தால் பாலிகிளினிக்கில் டெஸ்ட் கேளுங்கள், ஆனால் டெஸ்ட் முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் டெஸ்டில் தெரியாமல் போய்விடும். தைராய்டுக்குத் தேவையான செலினியம் என்ற தாதுச்சத்துக்கு மீனும் முட்டையும் போதும்.

செங்காங்வாசி:
அப்போ சப்பாத்தி பிழைத்தது! எனக்கு இரும்பு மாத்திரையும் உண்டு, இதுவரை இரண்டையும் சேர்த்தே போடுகிறேன். இரும்பு மாத்திரையை ராத்திரிக்கு மாற்றலாமா?

கோப்பி ஓ கோசோங்:
தாராளமாக. ஆனால் தே தாரிக்கோடு போடாதீர்கள், தேநீர் இரும்பை உடம்பில் சேர விடாது. நேரம் மாற்றியதை டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள், 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச் பார்த்தால் இந்த 50 போதுமா என்று தெரியும்.