புதுப்பிப்பு: எஞ்சினை நானே பிரிப்பதா, மெக்கானிக்கிடம் விடுவதா? முடிவு செய்துவிட்டேன்

ஐடிலில் (நின்றபடி எஞ்சின் ஓடும்போது) வண்டி உதறுகிறது, ஸ்கேனரில் பி0302 என்ற பிழைக் கோடு (குறியீடு), அதாவது இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாக எரியவில்லை) என்று வருகிறது, நானே பார்க்கலாமா என்று கேட்டிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது. நீங்கள் சொன்னபடி இரண்டாவதின் இக்னிஷன் காயிலை (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) நான்காவதுக்கு மாற்றிப் போட்டேன். காயில் கெட்டிருந்தால் கோடும் பி0304 என்று மாறியிருக்கும், மாறவில்லை. பிளக் புதிதாகப் போட்டும் பலனில்லை. இதற்குள் பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஃபயர் வேறு சேர்ந்துகொண்டது.

அப்புறம் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை அளக்கும் கருவி) இரவல் வாங்கிப் பார்த்தேன். ஒன்றும் நான்கும் நன்றாக இருக்கின்றன, அடுத்தடுத்து உள்ள இரண்டும் மூன்றும் மட்டும் அவற்றில் பாதிகூட இல்லை. இப்படி இருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையே கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அங்கேயே நிறுத்திவிட்டேன். காயில், பிளக் வரை யாரும் தைரியமாகச் செய்யலாம், ஆனால் ஹெட்டைக் கழற்றினால் அது வளைந்திருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் மெஷினில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும், பல எஞ்சின்களில் பழைய ஹெட் போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது, முறுக்குவதற்கும் தனி வரிசை, டார்க் (முறுக்கு விசை) அளவு, கோணம் எல்லாம் உண்டு. டைமிங் (வால்வும் பிஸ்டனும் ஒத்து இயங்கும் நேரக் கணக்கு) தவறினால் சில எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் இடித்துவிடும். எனக்கு அந்த அனுபவம் இல்லை.

வண்டியை ஓட்டாமல், இழுத்துக்கொண்டுதான் மெக்கானிக்கிடம் போகிறேன். நான்கு சிலிண்டரின் அளவுகளையும் எழுதி வைத்திருக்கிறேன், அவரிடம் அப்படியே கொடுத்துவிடுவேன்.