ரீசேம்பரிங்: ‘மீள் அறையாக்கம்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஒற்றைவெடித் துப்பாக்கிச் சொற்பட்டியலில் ‘ரீசேம்பரிங்’ என்பதற்கு ‘மீள் அறையாக்கம்’ என்று போட்டிருக்கிறோம். ‘சேம்பர்’ என்பதற்குத் ‘தோட்டா அறை’ சரியாகவே இருக்கிறது. உறுத்துவது ‘ஆக்கம்’. இந்த வேலையில் எதுவும் ஆக்கப்படுவதில்லை. குழலின் பின்முனையில் இருக்கும் அறையை இன்னும் கொஞ்சம் சுரண்டி, பெரிய தோட்டா உட்காரும்படி செய்கிறார்கள். மாற்றாக அறை மாற்றம், அறை நீட்டம், அறை விரிவு என மூன்று முன்மொழிவுகள் வந்துள்ளன. பட்டறை வேலை தெரிந்தவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும்.

* * *

> அறை மாற்றம்

வேண்டாம் ஐயா. மாற்றியதைத் திரும்ப மாற்றலாம் என்று படிப்பவர் நினைப்பார். குடைந்த இரும்பு திரும்பி வராது. பழைய தோட்டாவுக்கே போக வேண்டுமானால் குழலின் பின்முனையை வெட்டிக் குறுக்கிப் புதிதாக அறை குடைய வேண்டும், இல்லையென்றால் குழலையே மாற்ற வேண்டும்.

> அறை நீட்டம் / அறை விரிவு

இரண்டும் பாதி உண்மை. அமெரிக்காவில் மடக்கித் திறக்கும் ஒற்றைவெடி ரைஃபிள்களில் அதிகம் செய்யப்படும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: .357 மேக்னம் அறையை .357 மேக்ஸிமம் அறையாக்குவது. இரண்டு தோட்டாவுக்கும் அடிவிளிம்பும் கூட்டின் (தோட்டாவின் உலோக உறையின்) விட்டமும் (.379 அங்குலம்) ஒன்றுதான். மேக்னத்தின் கூடு 1.290 அங்குலம், மேக்ஸிமத்தின் கூடு 1.605. ஆக .315 அங்குலம், பட்டறைக் கணக்கில் இரண்டரை நூல், முன்னோக்கிக் குடைந்தால் போதும். இதற்கு ‘நீட்டம்’ சரி.

ஆனால் .22 ஹார்னெட்டை .22 கே-ஹார்னெட்டாக்கும்போது நீளம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கூட்டின் சரிவு நிமிர்ந்து, தோள் (கூடு கழுத்தாகக் குறுகும் இடம்) கூர்மையாகி, வயிறு அகலமாகும். அதற்கு ‘விரிவு’ பொருந்தும், ‘நீட்டம்’ பொருந்தாது. இரண்டையும் அடக்கும் சொல் ‘குடைவு’. ஏற்கெனவே குடைந்ததைக் குடைவதால் ‘மறுகுடைவு’.

* * *

‘மறுகுடைவு’ என்றால் குழலின் துளை முழுவதையும் பெரிதாக்கிப் புதிய புரி (குண்டைச் சுழலவைக்கும் உட்பள்ளங்கள்) வெட்டும் வேலையோடு குழம்பாதா?

* * *

குழம்பும். அதற்கு ‘மறுதுளை’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். அது குண்டின் விட்டத்தையே மாற்றும் வேலை. பட்டியலில் ‘அறை மறுகுடைவு’ என்று முழுதாக எழுதி, தொடர்ந்து வரும் இடங்களில் ‘மறுகுடைவு’ என்றால் போதும். அறையைக் குடையும் வெட்டுக்கருவியான ‘ரீமர்’ என்பதற்கும் தமிழ் கேட்டிருந்தீர்கள். லேத் பட்டறையில் எல்லோரும் ரீமர் என்றுதான் சொல்கிறார்கள், அதைத் தொடாமல் விடுவோம்.

விளக்கத்தில் வேலையின் ஒழுங்கும் வர வேண்டும் என்பது என் கருத்து. ரீமரின் முனையில் உள்ள வழிகாட்டி, புரிமேடுகளுக்கு நடுவே ஆடாமலும் இறுகாமலும் போக வேண்டும். ஆடினால் அறை கோணலாகும். கூடு தள்ளியை முதலில் கழற்றிவிட வேண்டும். குழலின் பின்முனை மேலே பார்க்க வைஸில் நிறுத்தி, வெட்டு எண்ணெய் விட்டு, கையால் ஒரே திசையில் சுற்ற வேண்டும். பின்பக்கம் திருப்பினால் வெட்டு விளிம்பு மழுங்கும், இடையில் சிக்கிய சீவல் அறைச் சுவரில் வளையமாகக் கீறும். கொஞ்சம் வெட்டியதும் வெளியே எடுத்துச் சீவலைத் துடைத்து, ஆழம் அளந்து, புது எண்ணெயோடு மறுபடி இறக்க வேண்டும்.

அதிகம் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, ரீமர் அதிர்ந்து அறை வட்டமாக இல்லாமல் பட்டை பட்டையாக வெட்டுப்படுவது. சுட்டபின் கூடு அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. மெழுகுத்தாளை ரீமரில் சுற்றி மெதுவாக வெட்டினால் பெரும்பாலும் அடங்கும். இன்னொன்று, கடைசியில் நிறுத்தத் தெரியாதது. மேக்னம்–மேக்ஸிமம் வேலையில் விளிம்பு உட்காரும் பள்ளம் ஏற்கெனவே சரியான ஆழத்தில் இருக்கிறது. ரீமரின் விளிம்புப் பகுதி அதைத் தொட்டதும் வேலை முடிந்தது. அதற்கு மேலும் சுற்றினால் தோட்டா உள்ளே அமிழும். ஊசி சரியாகத் தட்டாது, தட்டினாலும் கூடு பின்னால் எகிறி நீளும், சில சமயம் அடிப்பக்கத்தில் பிளக்கும்.

* * *

இந்த அமிழ்வு இடைவெளிக்குப் பட்டியலில் ‘தலைவெளி’ என்று இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தது தெரிகிறது. தோட்டாவின் தலை என்றால் தமிழ்க் காதுக்குக் குண்டு இருக்கும் முனைதான் நினைவுக்கு வரும். இங்கே பேச்சு அடிப்பக்கத்தைப் பற்றியது. ‘அமர்விடைவெளி’ என்று வைக்கலாம். விளிம்புத் தோட்டாவில் பின்னடைப்பின் (குழலின் பின்வாயை மூடும் பகுதியின்) முகத்திலிருந்து விளிம்பு அமரும் படிவரை அளக்கிறோம், விளிம்பில்லாத தோள்தோட்டாவில் தோளில் குறித்த புள்ளிவரை. இரண்டிலும் தோட்டா எதில் அமர்கிறதோ அதுதான் அளவின் எல்லை.

* * *

அமர்விடைவெளிக்கு ஆதரவு. ஆனால் ‘மறுகுடைவு’ விளக்கத்தில் பூட்டின் வலுவைப் பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும். குடைவது குழலை மட்டும். பின்னடைப்பும் கீலும் தாழ்ப்பாளும் பழையபடியே இருக்கும், அவை தாங்க வேண்டிய சுமை மட்டும் ஏறும். அமெரிக்கத் தர அமைப்பான சாமியின் (SAAMI) உச்ச அழுத்த வரம்பு மேக்னத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, மேக்ஸிமத்துக்கு 40,000. .379 அங்குல விட்டத்துக்குப் பரப்பு .113 சதுர அங்குலம். அப்படியானால் பின்னடைப்பின் மீதான உந்தல் சுமார் 3,950 பவுண்டிலிருந்து 4,500 பவுண்டுக்குப் போகிறது. கூடு அறைச் சுவரைப் பற்றிக்கொள்வதால் உண்மையில் சற்றுக் குறையும். ஆனால் எண்ணெய் ஒட்டிய அறையில் அந்தப் பிடிப்பை நம்பக் கூடாது.

ரைஃபிளுக்கென்று செய்த உறுதியான சட்டகம் இந்த ஏழில் ஒரு பங்கு ஏற்றத்தைத் தாங்கலாம். ஷாட்கன்னுக்கென்று செய்த சட்டகத்தில் அதே கணக்குப் போடக் கூடாது. .30-30-ஐ .308 ஆக்கலாமா என்றும் அடிக்கடி கேட்கிறார்கள், குண்டின் விட்டம் ஒன்றாக இருப்பதால். அழுத்த வரம்பில் 42,000 எங்கே, 62,000 எங்கே! தவிர .30-30-இன் அகன்ற விளிம்புப் பள்ளம் அப்படியே நின்று, .308 கூட்டின் அடியைச் சுற்றி வெற்றிடமாகும். பழைய அறை முழுவதும் புதிய அறைக்குள் அடங்கினால்தான் அது மறுகுடைவு. அடங்காததற்குப் பெயர் தேட வேண்டியதே இல்லை, செய்யவே கூடாது.

1935-இல் .357 மேக்னம் வந்தபோது அதன் கூட்டை .38 ஸ்பெஷலைவிட .135 அங்குலம் நீளமாக்கியதே, பழைய .38 கைத்துப்பாக்கிகளில் அது நுழையக் கூடாது என்பதற்காகத்தான். அந்த .38 அறையைக் குடைந்து நீட்டுபவர் வேண்டுமென்றே வைத்த பூட்டை உடைக்கிறார்.

* * *

சட்டக் குறிப்பும் சேர்க்கலாம். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியை மாற்றியமைக்கவும் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். பிரிட்டனில் மறுகுடைவு செய்த துப்பாக்கியை லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனை நிலையத்தில் மீண்டும் சோதித்து முத்திரை பெற்ற பிறகே விற்கலாம்.

* * *

எல்லோருடைய கருத்தையும் சேர்த்து இப்படி எழுதியிருக்கிறேன்:

அறை மறுகுடைவு (பெ.): துப்பாக்கியின் தோட்டா அறையை, குண்டின் விட்டம் மாறாமல், வேறொரு பெரிய தோட்டாவுக்கு ஏற்ப ரீமரால் மேலும் குடைதல். பழைய அறை புதியதற்குள் முழுமையாக அடங்க வேண்டும். பின்னடைப்பின் வலு இதனால் அதிகரிக்காது. முடித்தபின் அமர்விடைவெளியை அளவுகோலால் சரிபார்த்து, குழலில் புதிய தோட்டாவின் பெயரைப் பொறிக்க வேண்டும்.

* * *

கடைசி வரியில் ‘பழைய பெயரை அடித்துவிட்டு’ என்று சேருங்கள். கே-ஹார்னெட் அறையில் சாதாரண ஹார்னெட்டைச் சுட்டால் கூடு விரிந்து புது வடிவம் பெறும், கெடுதல் இல்லை. எல்லா மறுகுடைவும் அப்படியல்ல. இரண்டு பெயர் இருக்கும் குழலை அடுத்து வாங்குபவர் எதை நம்புவார்?