புதுப்பிப்பு: டிவியில் பார்வை அட்டை எழுத்து பெரிதாக வந்தது – தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: கண் பரிசோதனைக்கான பார்வை அட்டையைக் கணினியிலிருந்து டிவியில் காட்டுகிறேன். 6 மீட்டர் தூரத்துக்கு 87.3 மி.மீ. இருக்க வேண்டிய 6/60 எழுத்து (அட்டையின் மேல்வரியில் உள்ள பெரிய எழுத்து), 32 அங்குல முழு எச்டி டிவியில் 92 மி.மீ. வந்தது.

முதலில் விண்டோஸ் ஸ்கேலிங்கை 125-லிருந்து 100 சதவீதத்துக்கு மாற்றினேன். அளவு அசையவில்லை. ஸ்கேலிங் காரணமாக இருந்தால் 25 சதவீதம் கூடியிருக்கும். இங்கே கூடியது 5 சொச்சம்தான்.

பலித்தது ஓவர்ஸ்கேன் யோசனை. டிவி படத்தின் ஓரங்களை வெட்டி, மீதியை இழுத்து நிரப்புகிறது. டெஸ்க்டாப்பின் டாஸ்க்பார் பாதி மறைந்திருந்தால் அதுதான் அடையாளம். டிவி மெனுவில் பட அளவை 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று மாற்றியதும், அடிக்கோலால் அளந்தால் 87 மி.மீ. சில டிவிகளில் இதற்கு 'ஸ்கிரீன் ஃபிட்' என்று பெயர். ஐந்து சதவீதம் சின்ன விஷயமல்ல: லாக்மார் (பார்வைக் கூர்மையை எழுத்து எழுத்தாக அளக்கும் முறை) கணக்கில் ஏறக்குறைய ஓர் எழுத்து கூடுதலாகப் படித்ததாகிவிடும்.

எதிர்பாராத ஒன்று: அதற்குப் பிறகும் எழுத்துகளைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு தெரிந்தது. அது டிவியின் ஷார்ப்னெஸ் வேலை. எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றி, ஷார்ப்னெஸைக் குறைத்ததும் போய்விட்டது. டைனமிக் கான்ட்ராஸ்ட், தானியங்கி வெளிச்சம், விண்டோஸின் நைட் லைட் மூன்றையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் இரண்டால் வெளிச்சம் மாறும்; நைட் லைட்டால் திரை மஞ்சளாகும்.

பார்க்கும் தூரத்தை 3 மீட்டராகக் குறைக்கச் சிலர் சொன்னதை இந்தத் திரையில் ஏற்க முடியவில்லை. ஒரு பிக்சல் 0.37 மி.மீ.; அந்தத் தூரத்தில் 6/6 எழுத்து (இயல்பான பார்வைக்கான வரி) 4.36 மி.மீ., அதில் ஐந்தில் ஒரு பங்கான கோட்டின் தடிமனுக்கு இரண்டரை பிக்சல்கூட இல்லை. ஓரம் பிசிறடிக்கிறது. 3 மீட்டர்தான் வேண்டுமென்றால் 4கே திரை போடுங்கள்.