31 மிமீ கலத்ராவாவுக்கு எந்த மூவ்மென்ட்?

லேத்_பிரியன்:
1932-இல் படேக் பிலிப் கொண்டுவந்த கலத்ராவா 96 கைக்கடிகாரத்தைப் போல ஒன்றை என் கையாலேயே செய்து பார்க்க ஆசை. விற்க அல்ல, நான் கட்டிக்கொள்ளத்தான். சுமார் 31 மிமீ கேஸ் (வெளிக்கூடு), 6 மணி இடத்தில் குட்டி நொடிமுள், வேறு அலங்காரமே இல்லை. அந்த எளிமைக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். கேஸை ஸ்டீலில் கடைந்துவிடுவேன். உள்ளே மூவ்மென்டாக, அதாவது முட்களை ஓட்டும் இயந்திரமாக, யூனிடாஸ் 6497 போடலாமா?

பல்சக்கரம்:
வேண்டாம் நண்பரே. அதன் குறுக்களவே 36.6 மிமீ, உங்கள் கேஸுக்குள் நுழையாது. கிரவுனை (சாவி கொடுக்கும் திருகை) 3 மணி இடத்தில் வைத்தால் நொடிமுள் 9-இல் போய் நிற்கும். 6498-இல் அது 6-க்கு வரும், ஆனால் அளவு அதேதான். பெஸோ 7001 மூவ்மென்ட் தேடுங்கள்: 23.3 மிமீ, கனம் வெறும் 2.5 மிமீ, நொடிமுள்ளும் 6-இல். கையால் சாவி கொடுக்கும் மெல்லிய மூவ்மென்ட்களில் எனக்கு மிகப் பிடித்தது இது.

முள்_ரசிகை:
96-இன் அழகில் பாதி அந்த டோஃபின் முட்கள்தான் (நடுவில் முகடுள்ள கூர்முட்கள்). எமரித் தாளைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, அதன்மேல் முள்ளைத் தேயுங்கள். விரலில் பிடித்துத் தேய்த்தால் நடு முகடு மழுங்கிவிடும். டயலில் படேக் பிலிப் பெயர் வேண்டாம், உங்கள் பெயரைப் போடுங்கள்.

லேத்_பிரியன்:
நன்றி, 7001-தான். முதலில் அதை வாங்கி, நொடி அச்சின் இடத்தை அளந்த பிறகே டயலில் துளை போடுவேன். பெயர் என்னுடையதுதான் இருக்கும்.